சுமாக்குக்குச் செரிக்கவில்லை

முன்திருக்கு ஊரில் பாதிப்பேரின் வயிறு தெரியும், முகம் தெரியாது. ஜோர்தானின் ஸல்த் நகரத்தில், மலைச்சரிவில் நிற்கும் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக மலப் பரிசோதனை மேசை அவருடையது. காலை எட்டு மணிக்கெல்லாம் சின்னச் சின்ன டப்பாக்கள் வரிசை கட்டி வந்து நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர், ஒரு வயது. குச்சியால் தொட்டு, கண்ணாடித் துண்டில் தடவி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாரானால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. இரத்தப் பிரிவிலிருந்து இந்த மேசைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் ஒரே மாதத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அவர் மட்டும் அசையவில்லை. உடம்புக்குள் நடப்பது உடம்புக்காரனுக்கே தெரியாதபோது தனக்குத் தெரிகிறதே என்பதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. கண்டதைச் சீட்டில் எழுதுவார். வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை.

அவர் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் விடுவதில்லை. கல்யாண வீட்டில் இன்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால் போதும், தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் சோறும் மலையாகக் குவிந்த தட்டின் முன்னால் நின்றுகொண்டே, தன் வயிற்றில் காலையில் என்ன சத்தம் கேட்டது என்று ஆரம்பிப்பார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் ஒன்றே ஒன்றுதான். "தின்னது வேற, நோய் வேற. தக்காளித் தோலைப் பார்த்துப் புழுன்னு எழுதாதே. மகரந்தத்தைப் பார்த்து முட்டைன்னு எழுதாதே. வாய் வழியா போனது அப்படியே கீழ வழியா வரும். அதுக்கும் அந்த ஆளோட வியாதிக்கும் சம்பந்தமில்ல." இதைச் சொல்லாத மாதம் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மான் சந்தையில் புறாக்கூண்டுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அந்தப் பாம்பைப் பார்த்தார். அமெரிக்காவில் சோளக் களஞ்சியங்களில் எலி பிடித்துத் திரியும் சாதி, விஷம் கிடையாது. ஆரஞ்சு நிற உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள். சாப்பாட்டில் தூவுகிற சுமாக் பொடியின் நிறம்தான். அதனால் பெயரும் சுமாக் என்றே ஆயிற்று. ஏன் வாங்கினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அது அவரைப் பார்த்தது, எதுவும் கேட்கவில்லை, அது போதுமாயிருந்தது.

வீட்டில் மனைவி நிஹாயா வாசற்படியிலேயே மறித்தாள். நிஹாயா என்றால் முடிவு. அவளுடைய அப்பா, ஏழாவதாகவும் பெண்ணே பிறந்தபோது, இத்தோடு போதும் என்று ஆண்டவனுக்கே கேட்கும்படி வைத்த பெயர். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பெயருக்கு ஏற்ற மாதிரி எதையும் முடித்துவைக்கிற குணம் அவளுக்கு. "அது உள்ள வந்தா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். போகவில்லை. ஆனால் உறைபெட்டியில் பாம்புக்குத் தீனியாக வாங்கிவைத்த செத்த எலிகள் இருந்த பிஸ்கட் டின்னை மூன்று வருஷமும் அவள் தொட்டதில்லை. கீரைப் பொட்டலங்களை அதற்கு ஒரு சாண் தள்ளியே வைப்பாள்.

கண்ணாடித் தொட்டி வரவேற்பறையில், குளிருக்கு மூட்டும் காஸ் அடுப்பு எரியும் மூலைக்குப் பக்கத்தில் இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு ஒரு எலி. தின்றபின் இரண்டு நாள் யாரும் கை வைப்பதில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கறுப்பாக, கெட்டியாக ஒரு மலம், அதன் ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. முன்திர் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பார். மூன்று வருஷம் எழுத வேறொன்றும் இருந்ததில்லை.

அந்த ஜனவரியில் மகள் லுஜைனுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. லுஜைன் ஒரே மகள், இருபத்தைந்து வயது. அம்மானில் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை, தினமும் பேருந்தில் போய்வருவாள். மாப்பிள்ளை பெயர் கைஸ். அவனும் அவனுடைய அம்மாவும் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

"அபூ லுஜைன், அந்தப் பொட்டிய எடுத்துருங்க" என்றாள் நிஹாயா. லுஜைனின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"பொண்ணு பார்க்க வர்றாங்க. பாம்பு பார்க்க வரல."

முன்திர் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மலம் பார்க்கிற வேலை, வீட்டில் பாம்பு. இதற்குமேல் என்ன நினைப்பார்கள்? தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்துச் சாமான் அறையில் வைத்தார். ஆலிவ் எண்ணெய் டின்களும் எண்ணெயில் ஊறும் கத்தரிக்காய் ஜாடிகளும் வெங்காய மூட்டையும் இருக்கிற கல் அறை. தொட்டிக்கு அடியில் மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு உண்டு. கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானி முப்பது காட்டியது. போதும் என்று கதவைச் சாத்தினார்.

அவர்கள் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்கிற முகத்தோடு போனார்கள். இன்னும் ஒரு மாதத்தில் மறுபடி வருவதாகப் பேச்சு. அதுவரை தொட்டி அங்கேயே இருக்கட்டும் என்றாள் நிஹாயா. இருந்தது.

அடுத்த முறை எலி கொடுத்தபோது டின்னில் பெரிய எலிகள்தான் மிச்சமிருந்தன. குளிர் காலம், நன்றாகத் தின்னட்டும் என்று ஒன்றைக் கொடுத்தார். சுமாக் விழுங்கியது. மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. இருபத்திரண்டு வருஷம் நாற்றத்தோடு வாழ்ந்த மனிதர் ஒரு எட்டுப் பின்வாங்கினார். தொட்டியின் நடுவில் எலி கிடந்தது. தலைப்பக்கம் கரைந்து, வால்பக்கம் முழுசாக, வழவழவென்று. சுமாக் ஒரு மூலையில் தலையைத் தூக்கியபடி, வாயோரம் ஈரமாக இருந்தது.

எலி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். தொட்டியைக் கழுவி, புதுக் காகிதம் விரித்தார். பாவம், வயிறு காலியாகிவிட்டதே என்று நாலாம் நாளே இன்னொரு எலி கொடுத்தார். அதுவும் வந்தது, முன்னதைவிடச் சீக்கிரம். கூடவே நீர்த்த மலம், சளி மாதிரி.

மலத்தைக் கண்டதும் முன்திருக்குத் தைரியம் வந்தது. அது அவருடைய மைதானம் அல்லவா? பழைய சாமான் கடையில் வாங்கி வீட்டில் வைத்திருந்த நுண்ணோக்கியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"அந்த மேசையில நாம சோறு தின்னுறோம்!" என்று கத்தினாள் நிஹாயா.

"ஒரு நிமிஷம்."

"நாளைக்கு உங்களுக்கும் அந்தக் கண்ணாடி மேலதான் சோறு."

அவர் காதில் விழவில்லை. பார்த்துவிட்டார். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு, மெல்லிய ஓடு. முட்டைகள், ஒன்றிரண்டு இல்லை, பத்துக்குமேல். குழந்தைகளுக்கு ராத்திரியில் அரிப்பெடுக்க வைக்கும் கீரிப்பூச்சியின் முட்டை மாதிரியே இருந்தன. ஆயிரம் தடவை பார்த்த உருவம். எழுந்து நின்று, "புழு!" என்றார். மகன் பிறந்த செய்தி சொல்கிறவர் முகம் மாதிரி இருந்தது முகம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நிஹாயா, சலிப்போடு. "இதுக்குச் சந்தோஷப்படுற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மனிதர்களுக்குக் கொடுக்கும் புழு மருந்து வாங்கினார். அளவு தெரிய எடை வேண்டும். நிஹாயா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் மாவு நிறுக்கும் தராசில் சுமாக்கை ஒரு துணிப்பையில் போட்டு நிறுத்தார். போன மாதமும் இப்படித் திருட்டுத்தனமாக நிறுத்திருந்தார், அதைவிட அறுபது கிராம் குறைவு. கணக்குப் போட்டு, ஊசியில்லாக் குழாயால் நாலு சொட்டு வாயில் விட்டார். அது முறுக்கிக்கொண்டு திமிறியது. நிஹாயா ஈரத் தலையோடு வந்து பார்த்துவிட்டு, தராசை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தாள்.  

இரண்டு நாள் கழித்து, வயிற்றில் ஒன்றுமே இல்லாத பாம்பு கோழையாகக் கக்கியது. முதுகெலும்பு மேட்டின் இரண்டு பக்கமும் தோல் மடிப்பு விழுந்திருந்தது. கையில் எடுத்தால் வழக்கமாக மணிக்கட்டைச் சுற்றிக்கொள்ளும். இப்போது பழைய கயிறு மாதிரி தொங்கியது. முன்திர் மறுபடி ஒரு துளி தடவிப் பார்த்தார். முட்டைகள் அப்படியே இருந்தன. மருந்தை இன்னும் இரண்டு சொட்டு கூட்டலாமா என்று யோசித்தார்.

லுஜைன் வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சாமான் அறை வாசலில் நின்றாள்.

"யாபா, உங்ககிட்ட டப்பா கொண்டு வர்ற ஆளு, தானே பார்த்து, தானே மருந்து குடிச்சா என்ன சொல்வீங்க?"

"திட்டுவேன்."

"அப்ப இதைப் பிடிங்க" என்று தன் போனை நீட்டினாள். அம்மானில் ஒரு பெண் மருத்துவர், டாக்டர் ரஜா. ஆடு குதிரைக்கு நடுவில் ஆமை, ஓணான், பாம்பும் பார்க்கிறவர். அலுவலகத்தில் யாரையோ விசாரித்து எண் வாங்கி, இவளே அழைத்தும் விட்டாள். வரவேற்பறைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

முன்திர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தக்தோரா, நானும் ஆய்வுக்கூடத்து ஆள்தான்" என்று ஆரம்பித்தார். முட்டையைப் பற்றிச் சொல்லத்தான் அவசரம். டாக்டர் விடவில்லை.

"அதுக்கு அப்புறம் வரலாம், உஸ்தாத். எத்தனை தடவை வெளிய தள்ளுச்சு?"

"மூணு தடவை. பதினாறு நாளைக்குள்ள."

"எலி எவ்வளவு பெரிசு? பாம்போட உடம்பு தடிமன் அளவா, அதைவிடப் பெரிசா?"

"கொஞ்சம்... பெரிசுதான்."

"முதல் தடவை கக்குனதுக்கு அப்புறம் எத்தனை நாள் கழிச்சு அடுத்தது குடுத்தீங்க?"

"நாலு நாள்."

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போகுமுன் முன்திர் முட்டையைச் சொல்லிவிட்டார். வடிவம், ஓடு, அளவு எல்லாம்.

"ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு?"

"அதேதான்!"

"அது எலியோட புழு, உஸ்தாத். எலி வயித்துல இருந்த முட்டை, பாம்பு வழியா அப்படியே வெளிய வந்திருக்கு. பாம்புக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க மருந்து எதும் குடுக்கலையே?"

முன்திருக்குக் காதுமடல் சூடாயிற்று. இருபத்திரண்டு வருஷமாகத் தான் மாதா மாதம் சொல்லும் பாடத்தை ஒரு சின்னப் பெண் போனில் தனக்குச் சொல்கிறாள். குடுத்தேன் என்று சொல்லவும் வேண்டியிருந்தது, சொன்னார். எத்தனை சொட்டு என்று கேட்டுவிட்டு, "இதோட நிறுத்துங்க. இதுக்குமேல குடுத்தா மருந்தே அதைக் கொன்னுரும்" என்றார் டாக்டர். பிறகு கேட்டார்: "சரி. அது இருக்கிற இடத்துல சூடு எவ்வளவு?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. "முப்பது. வெப்பமானி ஒட்டியிருக்கேன், தினமும் பார்க்கிறேன்."

"முப்பதா!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. நிஹாயா கையில் ஒரு கிண்ணத்தோடு வெளியே வந்தாள். "தக்தோரா, நான் உம் லுஜைன் பேசறேன். அந்த ரூம்ல எண்ணெய் உறைஞ்சு கிடக்கு. டின்னுலேர்ந்து ஊத்த வரல, கரண்டி போட்டுத் தோண்டி எடுத்துட்டு வந்தேன். இந்தா, நெய் மாதிரி இருக்கு. முப்பதுங்கிறாரு!"

 கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெய் மஞ்சள் வெண்ணெயாக நின்றது.

"உஸ்தாத்," என்றார் டாக்டர் ரஜா, இந்த முறை மெதுவாக. "வெப்பமானியை விடுங்க. பாம்பு படுக்கிற இடத்துல உங்க கையை வச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

முன்திர் போனார். தொட்டியைத் தூக்கிவந்த அன்று சுவரில் இருந்த மின்துளைக்கு வசதியாக அதைத் திருப்பி வைத்திருந்தார். விரிப்பு தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் இருந்தது. வெப்பமானியும் அதன் பக்கத்தில். பாம்பு ஒளிந்துகொள்ளும் மரப்பட்டைக் குகையோ மறுகோடியில், கல்சுவரை ஒட்டி. குகைக்குள் கையை விட்டார். கிணற்றுக்குள் விட்ட மாதிரி இருந்தது.

எத்தனை தடவை இதே கையால் இந்தத் தொட்டியைக் கழுவினார்? ஒரு தடவைகூட அங்கே கை வைக்கத் தோன்றவில்லை. வெளியே வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மேசைக்கு ஓடினார். சின்னச் சின்ன டப்பாக்களில் வருகிறவர்களையும் இத்தனை வருஷம் அப்படித்தானே பார்த்தோம் என்று ஒரு நினைப்பு வந்தது. பெயர், வயது, ஒரு துளி. அவர்கள் எங்கே படுக்கிறார்கள், என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று சீட்டில் இடம் கிடையாது, அவரும் கேட்டதில்லை. இன்னொன்றும் உறைத்தது. நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் ஒரு பிராணியைத் தூக்கிக் குளிரில் வைத்திருக்கிறார். மூன்று வாரம் அது அங்கே, வயிற்றில் அரைகுறையாக நின்ற எலியோடு, காத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். லுஜைன் வந்து தோளைத் தொட்டபிறகுதான் போனில் ஆள் காத்திருப்பது நினைவுக்கு வந்தது.

"கை வச்சுப் பார்த்தேன், தக்தோரா. ஜில்லுனு இருக்கு. ஆனா சூடான பக்கம் ஒண்ணு இருக்கே, அங்க ஏன் போகல அது?"

"அங்க மறைவு இல்லையே. குளிரா பயமான்னு வந்தா பாம்பு ஒளியிற இடத்தைத்தான் பிடிச்சுக்கும். அதுக்கு உள்ள நெருப்பு கிடையாது, உஸ்தாத். வெளிச் சூட்டுலதான் செரிக்கணும். சூடு இல்லேன்னா எலி உள்ளயே அழுகும். அழுகுனா வெளிய தள்ளத்தான் செய்யும். அது புத்திசாலித்தனம்தான்."

பிறகு வரிசையாகச் சொன்னார். உடம்பின் நடுப்பகுதியை விரலால் மெல்லத் தடவச் சொன்னார். வீக்கமோ கட்டியோ தட்டுப்பட்டால் நாளைக்கே கொண்டு வர வேண்டும். தட்டுப்படவில்லை. ஆனாலும் சந்தேகம் தீர, ஒரு கெட்ட கிருமிக்காக மலத்தைத் தனிச் சாயம் போட்டுப் பார்க்கத் தன்னிடம் அனுப்பச் சொன்னார். இரண்டு பக்கமும் குகை வைக்க வேண்டும். பதினான்கு நாள் தண்ணீர் மட்டும்.

"பதினாலு நாளா? ஏற்கெனவே மெலிஞ்சு கிடக்கு. செத்துராதா?"

"கக்கிக் கக்கி உள்ள எல்லாம் வெந்து கிடக்கும், அது ஆறணும். இது மாசக்கணக்குல தின்னாம இருக்கிற சாதி. அவசரமெல்லாம் உங்களுக்குத்தான். இன்னிக்கே சூடான இடத்துல வச்சிருங்க, அப்புறம் தொடாதீங்க, தூக்காதீங்க, இடம் மாத்தாதீங்க."

அன்றே தொட்டி வரவேற்பறைக்குத் திரும்பியது. மறுநாள் லுஜைன் தன் கைப்பையில் உதட்டுச்சாயத்துக்குப் பக்கத்தில் பாம்பின் மல டப்பாவை வைத்துக்கொண்டு அம்மான் பேருந்தில் ஏறினாள். "பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலைத் திறந்துட்டா, யாபா" என்று சாயங்காலம் சொல்லிச் சிரித்தாள். அந்தக் கிருமி இல்லை என்று மூன்றாம் நாள் பதில் வந்தது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. கைஸும் அவன் அம்மாவும் மறுபடி வரும் நாள்.

"ஒரு ரெண்டு மணி நேரம், அபூ லுஜைன்" என்றாள் நிஹாயா. "என் ரூமுக்குள்ள வைங்க, அடுப்பையும் அங்க தள்ளிடலாம்."

"முடியாது."

இருபத்தேழு வருஷக் கல்யாணத்தில் அந்த ஒரு சொல்லை அவர் இப்படித் தனியாகச் சொன்னதில்லை. நிஹாயா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, தன் கல்யாணத்துக்கு வந்த சிவப்பு நூல் வேலைப்பாடு செய்த விரிப்பை எடுத்துத் தொட்டிமேல் போட்டாள். அதன்மேல் ஒரு பூச்சாடி வைக்கப் போனவள், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள்.

கைஸின் அம்மா உம் கைஸ் பருத்த, கலகலப்பான பெண்மணி. நேராக வந்து அடுப்புக்குப் பக்கத்து சோபாவில், அதாவது தொட்டிக்குப் பக்கத்தில், உட்கார்ந்தார். முதல் கோப்பைத் தேநீர் முடியுமுன்னே, "இதுக்குள்ள என்ன, உம் லுஜைன்? கிளியா?" என்றார்.

நிஹாயா விரிப்பின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டாள். "அது... அவரோட நோயாளி" என்றாள்.

"நோயாளியா?"

முன்திர் பார்த்தார். மறைத்துப் பயனில்லை. "பாம்பு, உம் கைஸ். ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க. செரிக்காம உடம்பு சரியில்ல. அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, அதனாலதான் இங்க."

கைஸ் இரண்டு காலையும் சோபாமேல் தூக்கிக்கொண்டான். லுஜைன் தரையைப் பார்த்தாள். உம் கைஸ் கோப்பையைக் கீழே வைத்தார், விரிப்பின் ஓரத்தை ஒரு விரல் அளவு தூக்கிப் பார்த்தார், விட்டார்.

"செரிக்காமன்னா? நெஞ்சுக்குள்ள எரியுமா இதுக்கும்?"

"தின்னதை வெளிய தள்ளுது."

"பாவம். எனக்கும் அதேதான்!" என்று நெஞ்சில் கை வைத்தார் உம் கைஸ். "நான் தள்ளுறதில்ல, அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரி ரெண்டு கரண்டி பருப்புச் சூப் குடிச்சாலும் இங்க கல்லு மாதிரி நிக்கும். எத்தனை டாக்டர், எத்தனை டெஸ்ட்டு! உங்க மேசைக்குக்கூட ஒரு டப்பா வந்திருக்கும், தெரியுமா? ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டீங்க."

வழக்கமாக இந்த இடத்தில் முன்திர் தலையை மட்டும் ஆட்டுவார். அன்றைக்கு, "எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"கைஸ் வேலைவிட்டு வரணுமே. பத்து, பத்தரை."

"சாப்பிட்டு?"

"சாப்பிட்டுப் படுக்கிறதுதான். வேற என்ன, டான்ஸ் ஆடவா?"

"எந்த ரூம்ல படுக்கிறீங்க? தலைக்கு எத்தனை தலையணை?"

உம் கைஸ் சோபாவில் திரும்பி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். எத்தனை தலையணை என்று இதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லையாம். பெண் பார்க்க வந்த பேச்சு அரைமணி நேரம் எங்கேயோ நின்றுவிட்டது. நிஹாயா கொண்டுவந்த இனிப்புத் தட்டு ஆறிக் கிடந்தது. விரிப்புக்குள் சுமாக் ஒரு தடவை அசைந்தது, காகிதம் சரசரத்தது. யாரும் கவனிக்கவில்லை, கைஸைத் தவிர.

பதினான்காம் நாள் முடிந்தது. முன்திர் மயிர் முளைக்காத சின்ன எலிக்குஞ்சு ஒன்றைச் சுடுதண்ணீரில் இளக்கி, குகை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தார். ஒருமணி நேரம் கழித்துப் பார்த்தபோது இல்லை. அதற்குப் பிறகுதான் கஷ்டமே. முதல் நாள், இரண்டாம் நாள். மூன்றாம் நாள் காலையில் அறைக்குள் நுழையுமுன் வாசலில் நின்று மூக்கால் மோப்பம் பிடித்தார். அடுப்பு வாசனை மட்டும்தான். நாலாம் நாள் வேலைக்குப் போகும்போது நிஹாயாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாளும்.

ஆறாம் நாள் பதினோரு மணிக்கு ஆய்வுக்கூடத்துப் போன் அடித்தது. எடுத்த பெண், "உங்க வீட்டுலேர்ந்து" என்று நீட்டினாள்.

"அபூ லுஜைன், வந்துருச்சு" என்றாள் நிஹாயா.

"வாந்தியா?"

"இல்லங்க, மத்தது. கறுப்பா, கெட்டியா. ஓரத்துல வெள்ளையும் இருக்கு. சின்னது, என் சுண்டுவிரல் நகம்தான் இருக்கும்."

"நிஜமாவா? நீ பார்த்தியா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியக் கூப்பிட்டா காட்டுனேன்? நான்தான் பார்த்தேன். எடுத்துப் போட மாட்டேன், அதுக்கு நீங்க வரணும்."

முன்திர் போனை வைத்தார். மேசையில் பன்னிரண்டு டப்பா காத்திருந்தது. போன் எடுத்துக் கொடுத்த பெண், "நல்ல செய்தியா, உஸ்தாத்?" என்றாள். "நல்ல செய்திதான்" என்றார். என்ன செய்தி என்று சொல்லவில்லை.

பத்து நாள் விட்டு இன்னொரு குஞ்சு, அப்புறம் கொஞ்சம் பெரிசு. மார்ச் கடைசியில் எடை பழையபடி ஏறியது. தராசு இப்போது அவருடையதுதான். நிஹாயா தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள்.

சம்பந்தம் மட்டும் கூடிவரவில்லை. பாம்பு காரணமில்லை. துபாயில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணமானதும் அவள் தன் வேலையை விட்டுவிட்டு அங்கே வரவேண்டும் என்று கைஸ் சொன்னான். இரண்டு வாரம் யோசித்துவிட்டு லுஜைன் மாட்டேன் என்றாள். உம் கைஸே போன் பண்ணி வருத்தப்பட்டார். அதோடு, இப்போது ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடுவதாகவும் ஒரு தலையணை கூட்டிக்கொண்டதாகவும் முன்திரிடம் சொல்லச் சொன்னார்.

நிஹாயா ஒருநாள் முழுக்க அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு அக்கா தங்கைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் பண்ண உட்கார்ந்தாள். முன்திரும் லுஜைனும் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் இந்தப் பாம்பாலதான், அக்கா" என்றாள் போனில். "வீட்டுல பாம்பை வச்சுக்கிட்டா எவ பொண்ணு எடுப்பா? அந்தப் பையன் காலைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்தான், பாவம். நான் இவர்கிட்ட எவ்வளவோ சொன்னேன்..."

லுஜைன் வாயைத் திறந்தாள். முன்திர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவருக்குக் கோபம் வரவில்லை. ஏன் இப்படிச் சொல்கிறாள் என்றுதான் புரியவில்லை. போனை வைத்ததும் நிஹாயா இருவரையும் பார்த்தாள்.

"என்ன பார்வை? பொண்ணே மாட்டேன்னுட்டாள்னு சொன்னா, ஊரு ஆறு மாசம் இவளைப் பத்திப் பேசும். இப்ப பாம்பைப் பத்திப் பேசட்டும். அதுக்குத்தான் காதே இல்லையே."

சொல்லிவிட்டு அடுத்த அக்காவின் எண்ணைத் தட்ட ஆரம்பித்தாள். லுஜைன் எழுந்துபோய் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். முன்திர் தன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிக்கொண்டு, மிச்சமிருந்த ஏழு பேருக்கும் அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.